வைத்தியசாலையில் தொற்றும் நியூமோனியா: எவரும் கணக்குக் கேட்காத மரணங்கள்

வடக்கில் வெளிவரும் நாளிதழ்களின் உட்பக்கங்களில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற ஒரு செய்தியை அடிக்கடி காணலாம். வீதி விபத்தில் படுகாயமடைந்த குடும்பஸ்தர் ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார். பத்துப் பன்னிரண்டு நாட்கள் சிகிச்சை பெறுகிறார். பின்னர் சிகிச்சை பலனின்றி உயிரிழக்கிறார். திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரணை நடத்துகிறார். நியூமோனியாவோ கிருமித்தொற்றோ மரணத்துக்குக் காரணம் என உடற்கூற்றுப் பரிசோதனையில் தெரியவந்ததாகவும், சடலம் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டதாகவும் கூறிச் செய்தி முடிகிறது.

செத்தவீட்டில் கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. "கால் முறிஞ்சு போன மனிசன் எப்பிடி நெஞ்சுச்சளியிலை சாகும்?" என்று யாராவது கேட்பார்கள். அதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். அவருடைய காலம் அவ்வளவுதான் என்பது ஒன்று. ஆஸ்பத்திரிக்காரர்தான் கொன்றுபோட்டினம் என்பது மற்றையது. அந்தியேட்டியோடு இரண்டு பேச்சும் அடங்கிவிடும். அடுத்த கிழமை இன்னொரு ஊரில் இன்னொரு வீட்டில் இதே கேள்வி எழும்.

நான் வைத்தியன் அல்ல. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வைத்தியசாலை விடுதிகளில் உறவுகளுக்குத் துணையாகப் பல இரவுகள் நின்றவன். இந்த நோயைப் பற்றி உலகில் தெரிந்துள்ளவற்றைத் தேடி வாசித்தபோது எனக்குப் புலப்பட்டது இதுதான்: இந்த மரணங்களில் கணிசமானவை விதியும் அல்ல, தனியொரு வைத்தியரின் தவறும் அல்ல. தடுக்கக்கூடிய ஒரு தொற்றைத் தடுப்பதற்கான எளிய வேலைகளை யார் செய்வது என்று ஒழுங்கு செய்யாததாலும், தொற்றியவர்களின் கணக்கை எவரும் கேட்காததாலும் நேர்பவை அவை.

நோய் எவ்வாறு வருகிறது

ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு 48 மணித்தியாலங்களுக்குப் பின்னர், வரும்போது இல்லாத நியூமோனியா அவருக்கு ஏற்படுமானால் அதனை வைத்தியசாலையில் பெற்ற நியூமோனியா என்கிறது மருத்துவம். செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தி 48 மணித்தியாலங்களின் பின் வருவது அதில் ஒரு தனி வகை. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்குத்தான் இது வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சாதாரண விடுதிகளில் படுத்திருப்பவர்களே மொத்த எண்ணிக்கையில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை அமெரிக்காவில் நடந்த கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன.

பெரும்பாலும் கிருமி காற்றில் பறந்து வருவதில்லை. அது நோயாளியின் வாயிலிருந்தே நுரையீரலுக்கு இறங்குகிறது. நித்திரையில் எங்கள் எல்லோருக்கும் ஓரளவு உமிழ்நீர் மூச்சுக்குழாய்க்குள் போவதுண்டு. சுகதேகி இருமி அதை வெளியே தள்ளிவிடுவார். வைத்தியசாலைக் கட்டிலில் மூன்று விடயங்கள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, வாயின் நிலை மாறுகிறது. பல் துலக்காமல், வாய் காய்ந்து, ஓரிரு நாட்கள் கிடந்தாலே வழமையாக வாயில் இருக்கும் கிருமிகளின் இடத்தை வைத்தியசாலைக்குரிய கடுமையான கிருமிகள் பிடிக்கத் தொடங்குகின்றன. இரண்டாவது, விழுங்கும் சக்தியும் இருமும் சக்தியும் குறைகின்றன. பாரிசவாதம், தலைக்காயம், மயக்க மருந்து, சத்திரசிகிச்சைக்குப் பின்னான நோவு எல்லாம் இதைச் செய்கின்றன. வயிற்றில் வெட்டுக்காயம் உள்ளவர் இருமப் பயப்படுவார். மூன்றாவது, மல்லாந்து படுத்தே கிடப்பதால் நுரையீரலின் கீழ்ப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்குகிறது. ஒருவரிலிருந்து இன்னொருவருக்குக் கிருமியைக் கொண்டுபோவது பெரும்பாலும் கைகள்தான். வைத்தியரின் கை, தாதியின் கை, சிற்றூழியரின் கை, பார்க்க வந்த எங்களுடைய கை.

இப்படிப் பார்த்தால் கால் முறிந்தவர் நெஞ்சுச்சளியால் இறப்பதில் புதிர் எதுவும் இல்லை. முறிந்த கால் அவரைக் கட்டிலில் போட்டது. கட்டில் அவருடைய நெஞ்சைக் கெடுத்தது.

2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, வறிய, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் அனுமதிக்கப்படும் 100 நோயாளிகளில் 15 பேர் வைத்தியசாலையிலேயே ஏதோவொரு தொற்றைப் பெறுகிறார்கள். செல்வந்த நாடுகளில் இது 7 பேர். தொற்றுப் பெறுபவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறக்கிறார். கைகழுவலும் ஏனைய அடிப்படை ஒழுங்குகளும் சரியாக நடந்தால் இத்தகைய தொற்றுகளில் 70 வீதம் வரை தவிர்க்கலாம் என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. இவ்வகைத் தொற்றுகளில் உயிரை அதிகம் எடுப்பவற்றில் நியூமோனியாவும் ஒன்று.

எமது மக்களுக்கு ஏன் இது கூடுதலான ஆபத்து

இந்த நோய் எல்லா நாட்டு வைத்தியசாலையிலும் இருக்கிறது. எனினும் போரைக் கடந்து வந்த எமது சமூகத்தில் அதற்கு இலகுவாக இரையாகக்கூடியவர்களின் தொகை அதிகம்.

முதலில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள். 2009 வரையான எறிகணை வீச்சுகளில் காயமடைந்து இடுப்புக்குக் கீழோ கழுத்துக்குக் கீழோ இயக்கம் இழந்தவர்கள் வன்னியின் ஒவ்வொரு பிரதேசத்திலும் இருக்கிறார்கள். காயம் முள்ளந்தண்டில் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்கு இருமுவதற்கான தசைகள் பலவீனமாகும். உலகெங்கும் இத்தகையோரின் மரணத்துக்கான முக்கிய காரணங்களில் சுவாச நோய்கள் அடங்குகின்றன. படுக்கைப்புண்ணுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிகிச்சை பெறப் போகும் ஒருவர் விடுதியில் கவனிப்பாரற்றுக் கிடந்தால், அவர் திரும்பி வராமலும் போகலாம்.

அடுத்து முதியவர்கள். பிள்ளைகளில் ஒருவரைப் போரில் இழந்து, மற்றவர்களை கனடாவிலும் சுவிஸிலும் வைத்துக்கொண்டு, தனித்து வாழும் தாய் தந்தையர். இவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பக்கத்தில் நிற்க ஆளில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசு அனுப்பி, அயலில் யாரையாவது பிடித்து, "அம்மாவோடை நில்லுங்கோ" என்று கேட்டுக்கொள்கிறார்கள். நிற்பவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் படுத்த நிலையில் கஞ்சி பருக்கக்கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

தூரமும் ஒரு காரணம். முல்லைத்தீவிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்படும் நோயாளி நூறு கிலோமீற்றருக்கு மேல் அம்புலன்ஸில் வருகிறார். அவருடைய குடும்பம் கூலி வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் தங்கி நிற்க முடியாது. இரண்டாம் நாளிலிருந்து அந்தக் கட்டிலருகே உறவென்று ஒருவரும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக வைத்தியசாலை என்ற இடத்தோடு எமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1987 ஒக்ரோபரில் யாழ். வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் புகுந்து வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளரையும் சுட்டுக் கொன்றதை ஒரு தலைமுறை மறக்கவில்லை. 2009இல் புதுக்குடியிருப்பிலும் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும், மருந்தும் மயக்க மருந்தும் இல்லாமல், எறிகணைகளுக்கு நடுவே இயங்கிய வைத்தியசாலைகளை இன்னொரு தலைமுறை மறக்கவில்லை. அங்கே உயிர் காத்த வைத்தியர்களையும் தாதியரையும் எமது மக்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அந்த நன்றியால் கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். அந்தப் பயத்தாலும் தயங்குகிறார்கள்.

ஒரு விடுதியில் கண்டவை

சில வருடங்களுக்கு முன் என் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வடக்கிலுள்ள ஒரு வைத்தியசாலையில் இருந்தார். எழுபத்தெட்டு வயது. நீரிழிவு இருந்தது. சத்திரசிகிச்சைக்கு முறை வரும்வரை காலில் பாரம் கட்டி மல்லாந்து படுக்க வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் மூச்சு இழுத்தது. ஒட்சிசன் வைத்தார்கள். "சளி கட்டிப்போச்சுது தம்பி, ஒப்பரேசன் இப்ப செய்யேலாது" என்றார் தாதி. அன்றிரவு அந்த விடுதி முழுவதற்கும் அவரும் இன்னொரு தாதியும்தான். கட்டில்கள் போதாமல் நிலத்திலும் நோயாளிகள் படுத்திருந்தார்கள். அவர் ஒரு கட்டிலில் ஊசி போட்டு முடிக்கும்போது மூன்று கட்டில்களிலிருந்து கூப்பிடும் சத்தம் கேட்கும். இரவு இரண்டு மணிக்கு அவர் நின்றபடியே தேநீர் குடித்ததைப் பார்த்தேன்.

ஐந்து நாட்களில் பெரியம்மாவின் வாயைத் துப்புரவாக்கியவர் எவரும் இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும் சுழற்றி உடைந்திருந்தது. கைகழுவும் இடத்தில் சவர்க்காரம் இல்லாத நாட்களும் இருந்தன. எழுதிக் கொடுத்த ஊசி மருந்து வைத்தியசாலையில் கையிருப்பில் இல்லாததால் வெளியே மருந்தகத்தில் வாங்கினோம். மூன்று கிழமைக்குப் பிறகு பெரியம்மா உயிரோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் சத்திரசிகிச்சை பிந்திப் போனதால் பிறகு நடக்கவே இல்லை. இதில் எந்தத் தாதியையும் எந்த வைத்தியரையும் குற்றவாளி என்று சுட்ட என்னால் முடியவில்லை. அத்தனை பேரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். வாயைத் துடைப்பது மட்டும் எவருடைய வேலைப் பட்டியலிலும் இருக்கவில்லை.

மருந்துக்கு அடங்காத கிருமிகள்

வந்த பிறகு அன்ரிபயோட்டிக் கொடுத்தால் சரிதானே என்று கேட்கலாம். சிக்கல் அங்கேதான் பெரிதாகிறது. வீட்டில் இருப்பவருக்கு வரும் நியூமோனியாவை ஏற்படுத்தும் கிருமிகள் வேறு. வைத்தியசாலையில் வாழும் கிருமிகள் வேறு. அசினெற்றோபக்ரர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் என்ற பெயர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்ற சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இவை பலமான மருந்துகளுக்கும் பழகிப்போனவை. கார்பாபெனெம் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத அசினெற்றோபக்ரரை உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான கிருமிகளின் பட்டியலில் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. இலங்கையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் அது நன்கு அறியப்பட்ட கிருமி. அதற்கு எதிராக வைத்தியர்கள் கையிலெடுக்கும் கொலிஸ்ரின், சிறுநீரகத்தைப் பாதிப்பதால் ஒருகாலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய மருந்து. வேறு வழியில்லாமல் திரும்பி வந்திருக்கிறது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. தடிமனுக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் மருந்தகத்தில் நாமாகவே அன்ரிபயோட்டிக் வாங்கி, இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்தும் பழக்கமும் இந்தக் கிருமிகளை வளர்க்கிறது.

இத்தோடு 2022இன் பொருளாதார வீழ்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் டொலர் இல்லாமற் போனதும் வைத்தியசாலைகளின் மருந்தறைகள் காலியாகின. வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டுப் போனார்கள். போதாக்குறைக்கு, தரமற்ற இம்யுனோகுளோபியுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். சரியான மருந்து, சரியான நேரத்தில், சரியான தரத்தில் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத நாட்டில், நோய் வராமல் தடுப்பதே மலிவான வழி. ஏழைக்கு உள்ள ஒரே வழியும் அதுதான்.

தடுப்பதற்கு என்ன வேண்டும்

தடுப்பு முறைகளில் புதுமையான இயந்திரம் எதுவும் இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைத்தல். நாளுக்கு இரண்டு முறையாவது பல் துலக்கிவிடுதல் அல்லது வாயைச் சுத்தம் செய்தல். நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுதல். முடிந்தவரை விரைவில் எழுப்பி இருத்துதல், நடக்க வைத்தல். ஆழமாக மூச்செடுத்து இருமப் பழக்குதல். விழுங்கும் சக்தியைச் சோதித்த பிறகே வாயால் உணவு கொடுத்தல். சுவாசக் கருவியில் இருப்பவரின் மயக்க மருந்தை நாள்தோறும் குறைத்துப் பார்த்து, கருவியை விரைவில் அகற்ற முயலுதல். 2023 இறுதியில் வெளியான, 15 மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்த பகுப்பாய்வு ஒன்று, பல் துலக்கிவிடப்பட்ட நோயாளிகளிடம் வைத்தியசாலை நியூமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் காட்டியது. சுவாசக் கருவியில் இருந்தவர்களிடமே இந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பல் தூரிகையின் விலை எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும்.

இவற்றில் பாதி தாதியரின் எண்ணிக்கையோடு தொடர்புடையவை. இருவர் ஒரு விடுதியைப் பார்க்கும் இரவில் வாய் துப்புரவு நடக்காது. மொழியும் இங்கே ஒரு மருத்துவப் பிரச்சினை. வடக்கு கிழக்கு வைத்தியசாலைகளில் தென்பகுதியிலிருந்து வந்து பணிபுரியும் தாதியர் பலர் அன்பாகவே நடக்கிறார்கள். ஆனால் "விழுங்கேக்கை புரைக்கேறுது" என்று ஒரு கிழவி சொல்வது அவருக்கு விளங்காவிட்டால், மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை அங்கே தவறிப்போகிறது.

மற்றப் பாதி துணைக்கு நிற்பவர்களால் செய்யக்கூடியது. எங்கள் விடுதிகளை உண்மையில் தாங்கி நிற்பவர்கள் இந்த உறவினர்கள்தான். அவர்களை இடைஞ்சலாகப் பார்ப்பதை விட்டு, முதல் நாளே பத்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்தால் போதும். படுத்தபடி பருக்க வேண்டாம். சாப்பாடு கொடுத்த பின் அரை மணித்தியாலமாவது நிமிர்த்தி வைத்திருங்கள். காலையும் மாலையும் வாயைத் துப்புரவாக்குங்கள். கட்டிப்பற்களை இரவில் கழற்றிக் கழுவுங்கள். கட்டிலைத் தொட முன்னும் பின்னும் கையைக் கழுவுங்கள். தடிமன் காய்ச்சலோடு பார்க்க வராதீர்கள். புதிதாக இருமல், காய்ச்சல், மூச்சு வாங்குதல், திடீர்க் குழப்பம் தெரிந்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேகூட நியூமோனியா வரும். ஆள் மாறாட்டமாகக் கதைப்பதே முதல் அறிகுறியாக இருக்கலாம். கழுத்து முறிவு, முள்ளந்தண்டுக் காயம், சில சத்திரசிகிச்சைகளின் பின் நோயாளியை நிமிர்த்தக்கூடாது என்பதால் எதற்கும் முதலில் தாதியிடம் கேட்க வேண்டும்.

கணக்கைக் கேட்போம்

2024 யூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை விவகாரம் வெடித்தபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். வைத்தியர் அர்ச்சுனா இராமநாதன் அவ்வருட நவம்பரில் நாடாளுமன்ற உறுப்பினராகவே தெரிவானார். வைத்தியசாலைகள் மீது மக்களுக்கு எவ்வளவு ஆதங்கம் தேங்கியிருக்கிறது என்பதை அது காட்டியது. ஆனால் விவாதம் மிக விரைவில் எந்த வைத்தியர் நல்லவர், எவர் கள்ளர் என்ற தனிநபர் சண்டையாக மாறியது. ஒரு விடுதிக்கு எத்தனை தாதியர், கைகழுவும் இடம் எத்தனை, தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான தாதி முழுநேரமாக அந்த வேலையைத்தான் செய்கிறாரா என்ற கேள்விகள் முகநூல் நேரலைகளில் இடம்பிடிக்கவில்லை.

கேட்க வேண்டிய இடமும் எங்களிடம் இல்லாமற் போயிருக்கிறது. யாழ். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. மாவட்ட, ஆதார வைத்தியசாலைகள் பல மாகாண நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்ததிலிருந்து மாகாண சுகாதாரத்துக்கு மக்கள் தெரிவு செய்த அமைச்சர் எவரும் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளுமே நடத்துகிறார்கள். கிழக்கில் 2017இலிருந்து இதே நிலை. மாகாண சபைத் தேர்தலைப் பற்றிப் பேசும் எமது கட்சிகள் காணி, பொலிஸ் அதிகாரங்களைப் பற்றிப் பேசுகின்றன. பேச வேண்டியதுதான். ஆனால் ஏற்கனவே கையிலிருந்த சுகாதார அதிகாரம் கேள்வி கேட்பாரின்றிக் கிடக்கிறது என்பதையும் அவர்கள் பேச வேண்டும்.

இன்னொரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் வைத்தியசாலையிடம் எழுத்தில் கேட்கலாம். கடந்த வருடம் அனுமதிக்கப்பட்டு 48 மணித்தியாலங்களின் பின் நியூமோனியா ஏற்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இறந்தவர்கள் எத்தனை பேர்? சுவாசக் கருவியில் இருந்தவர்கள் எத்தனை பேர்? இரவு நேரத்தில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள்? பெயர்கள் வேண்டாம். எண்கள் போதும். அப்படிப்பட்ட கணக்கு வைக்கப்படவில்லை என்ற பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். அதை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

கணக்கு வெளிவந்தால் வைத்தியசாலைக்கு அவமானம் என்று அதிகாரிகள் நினைக்கக்கூடும். உண்மையில் ஆளணிக்கும் சவர்க்காரத்துக்கும் தலை உயர்த்தும் கட்டிலுக்கும் கொழும்பிடம் பணம் கேட்க அவர்களுக்கு இதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை. வெளிநாட்டில் இருந்து வைத்தியசாலைகளுக்கு உதவும் எமது அமைப்புகளும் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய பெரிய இயந்திரங்களை மட்டும் அனுப்பாமல், சாய்க்கக்கூடிய கட்டில்களையும் கைகழுவும் தொட்டிகளையும், துணைக்கு நிற்பவர்களுக்கான பயிற்சியையும் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் இறந்தவர்களை எண்ணும்படி நாங்கள் நீண்ட காலமாக உலகத்தைக் கேட்டு வருகிறோம். எண்ணிக்கையைச் சொல்ல மறுப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பது எமக்குத் தெரியும். விடுதிகளில் கட்டிலோடு கிடந்து மூச்சடங்கிப் போகிறவர்களும் எங்களுடைய ஆட்கள்தான். அவர்களுடைய எண்ணிக்கையை முதலில் நாங்கள் கேட்க வேண்டும். நாளை யாரையாவது பார்க்க வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் சோடாப் போத்தலோடும் பிஸ்கட் பைக்கற்றோடும் ஒரு பல் தூரிகையையும் ஒரு சவர்க்காரக் கட்டியையும் கொண்டு போங்கள்.